ஸ்கோலியோசிஸை 'நிமிர்த்தும்' மையங்கள்: அந்த இரண்டாவது எக்ஸ்ரேயைக் கவனமாகப் பாருங்கள்

வளரும் வயதில் இருக்கும் பிள்ளைக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது (இதைத்தான் ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள்) என்று தெரிந்து, "ஆபரேஷன் வேண்டாம், பிரேஸ் வேண்டாம், நாங்கள் நிமிர்த்தித் தருகிறோம்" என்ற விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் அப்படி ஒரு மையத்தில் 72,000 ரூபாய் கட்டினோம். பணத்தைக்கூட விடுங்கள். மகள் வேகமாக உயரம் கூடிய மாதங்கள் அங்கேயே கழிந்துவிட்டன.

அவளுக்கு 12 வயது. வளைவை முதலில் கவனித்தது தையல்கார அக்காதான். யூனிஃபார்முக்கு அளவெடுக்கும்போது, "பாப்பாவுக்கு வலது தோள் ஏறி இருக்குதுங்க, இடுப்பும் ஒரு பக்கம் உள்ள வாங்குது. டாக்டருகிட்ட காட்டிருங்க" என்றார். இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பிள்ளையை நிற்க வைத்து, முழங்காலை மடக்காமல், இரண்டு கைகளையும் சேர்த்துத் தொங்கவிட்டபடி குனியச் சொல்லுங்கள். பின்னாலிருந்து பார்த்தால் முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிகிறதா? தெரிந்தால் எலும்பு டாக்டரிடம் போகவேண்டும். முதுகெலும்பு வெறுமனே வளைவதில்லை, முறுக்கிக்கொண்டே வளைகிறது. அதனால்தான் ஒரு பக்கத்து விலா எலும்புகள் புடைத்துக்கொண்டு வருகின்றன. மகளுக்கு அந்த மேடு நன்றாகவே தெரிந்தது. எக்ஸ்ரேயில் வளைவு 31 டிகிரி.

உள்ளூர் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதற்குள் சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அந்த மையத்தின் வீடியோவை அனுப்பிவிட்டார்.

ஏசி போட்ட பளபளப்பான இடம். சுவர் முழுக்க 'சிகிச்சைக்கு முன்', 'சிகிச்சைக்குப் பின்' என்று ஜோடி ஜோடியாக எக்ஸ்ரே படங்கள். வெள்ளைக் கோட்டு போட்டவர் படத்தைப் பார்த்த வேகத்தில், "ஸ்கூல் பேக் வெயிட்டு மேடம், கால்சியமும் கம்மி. ஆறே மாசத்துல ஜீரோ பண்ணிடலாம்" என்றார். கூட வந்த என் மாமியார் ஆபரேஷனைப் பற்றிக் கேட்டார். "கத்தி வெச்சா கால் வராமப் போயிடும்மா. நாளைக்குப் பொண்ணு குழந்தை பெத்துக்க வேணாமா?" என்று பதில் வந்தது. அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பணம் அன்றைக்கே கட்டியாயிற்று. பெண்பிள்ளை வைத்திருக்கும் வீட்டின் பயம் என்னவென்று தெரிந்தவர்கள் அந்த மையத்துக்காரர்கள். அதில்தான் கை வைக்கிறார்கள்.

அவர்கள் சொன்ன காரணம், காட்டிய பயம், இரண்டுமே பொய். இந்த வயதில் வரும் வளைவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் குறிப்பிட்ட காரணம் கண்டுபிடிக்கப்படவில்லை, பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு. புத்தகப் பையோ உட்காரும் விதமோ கால்சியம் குறைவோ இதை உண்டாக்குவதில்லை. அறுவை சிகிச்சையில் ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இந்த வகை வளைவுக்குச் செய்யும்போது நரம்பு பாதிக்கப்படுவது நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவு. ஸ்கோலியோசிஸ் உள்ள பெண்கள் சாதாரணமாகக் குழந்தை பெற்றுக்கொள்கிறார்கள்.

சிகிச்சை என்ற பெயரில் அங்கே நடந்தது இது. பெல்ட் கட்டி இழுக்கும் மேசையில் படுக்க வைப்பார்கள். அப்புறம் ஒருவர் வந்து முதுகில் அழுத்திச் 'சடக்' என்று சத்தம் வரவைப்பார். சத்தம் வந்தால் எலும்பு இடத்துக்கு வந்துவிட்டதாம்! 'பிரேஸ்' என்று சொல்லி ஒரு எலாஸ்டிக் பெல்ட் தந்தார்கள். கூன் போடாமல் இருக்கக் கடையில் விற்பார்களே, அதேதான். கால்சியம் பவுடருக்குத் தனி பில்.

சில மாதங்கள் கழித்து அவர்களே எக்ஸ்ரே எடுத்து, பிலிமில் சிவப்பு மார்க்கரால் கோடு போட்டு, "31 இருந்தது, இப்ப 22" என்று காட்டினார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் மகளின் சுடிதார் முன்பைவிட ஒரு பக்கம் ஏறித்தான் நின்றது. எனக்கு உறுத்தியது. இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவுக்குப் போனோம்.

அங்கிருந்த டாக்டர் படத்தைத் தொடும் முன்பே கேட்ட கேள்வி: "பொண்ணு வயசுக்கு வந்து எவ்வளவு நாள் ஆச்சும்மா?" அந்த மையத்தில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. வளைவு கூடுமா நிற்குமா என்பதைத் தீர்மானிப்பதில் மீதமிருக்கும் வளர்ச்சிக்குத்தான் பெரிய பங்கு. வயதுக்கு வருவதை ஒட்டிய காலத்தில்தான் உயரம் வேகமாகக் கூடும், வளைவும் அதோடு கூடும். இடுப்பெலும்பின் மேல் விளிம்பு எவ்வளவு முற்றியிருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்த்து 0 முதல் 5 வரை எண் போடுகிறார்கள், ரிஸ்ஸர் அளவு என்று பெயர். மகளுக்கு 1. அதாவது வளர்ச்சி இன்னும் நிறைய பாக்கி.

அப்புறம் படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். முதல் படத்தின் மூலையில் நின்ற நிலை என்பதற்கான குறி இருந்தது, இரண்டாவதில் எதுவும் இல்லை. முதல் படத்தில் இடது பக்கம் இரைப்பையில் காற்று மேலேயும் நீர் கீழேயுமாக ஒரு நேர்கோடு தெரிந்தது. நின்றுகொண்டிருந்தால்தான் அந்தக் கோடு வரும். இரண்டாவது படத்தில் அது இல்லை. "இது படுக்க வெச்சு எடுத்ததும்மா" என்றார். மகளும் ஆமாம், மேசையில் படுக்கத்தான் சொன்னார்கள் என்றாள். படுக்கும்போது உடம்பின் பாரம் முதுகெலும்பின் மேல் இறங்காது. எந்தச் சிகிச்சையும் இல்லாமலே கோணம் பல டிகிரி குறைவாகத் தெரியும். போதாததற்குக் கோட்டையும் இடம் மாற்றிப் போட்டிருந்தார்கள்.

அளவெடுக்கும் முறையைப் பெற்றோர் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்க எலும்பு மருத்துவர் ஜான் காப் 1948-இல் எழுதிய முறை இன்றும் அப்படியே நடைமுறையில் இருக்கிறது. வளைவின் மேல்முனையில் அதிகமாகச் சாய்ந்திருக்கும் எலும்பின் மேல் விளிம்பில் ஒரு கோடு, கீழ்முனையில் அதிகமாகச் சாய்ந்திருக்கும் எலும்பின் கீழ் விளிம்பில் ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோணம்தான் கணக்கு. ஒரு எலும்பு உள்ளே தள்ளிக் கோடு போட்டால் எண் குறைந்துவிடும். ஒரே படத்தை இரண்டு டாக்டர்கள் அளந்தால்கூட 5 டிகிரி வரை வித்தியாசம் வரலாம். ஆகவே "மூன்று டிகிரி குறைந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை.

நிற்க வைத்து எடுத்த புதிய படத்தில் வளைவு 38 டிகிரி.

வளர்ச்சி பாக்கி இருக்கும் பிள்ளைக்கு 25 முதல் 40 டிகிரி வரை பிரேஸ் போடும் எல்லை. 45, 50 தாண்டினால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள், ஏனென்றால் 50-ஐத் தாண்டிய வளைவு வளர்ச்சி நின்ற பிறகும் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகக்கூடியது. நாங்கள் எல்லையின் விளிம்பில் போய் நின்றோம். 31-இல் இருந்தபோதே போட்டிருக்க வேண்டிய பிரேஸ் அது.

உண்மையான பிரேஸ் என்பது உடம்பை அளவெடுத்து அச்சு வார்க்கும் கெட்டி பிளாஸ்டிக் கூடு. உள்ளே வளைவைத் தள்ளும் இடத்தில் பட்டை வைத்திருப்பார்கள். போட்ட பிறகு அதோடு ஒரு எக்ஸ்ரே எடுத்து, வளைவு எவ்வளவு அடங்குகிறது என்று பார்ப்பார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேர் 50 டிகிரியைத் தொடாமல் வளர்ச்சியை முடித்தார்கள். போடாதவர்களில் 48 சதவீதம். தினமும் 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களுக்குப் பலன் 90 சதவீதத்தைத் தாண்டியது. பிரேஸும் வளைவை நேராக்கித் தருவதாக வாக்குக் கொடுப்பதில்லை, மேலே ஏறாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. ஜீரோ ஆக்குகிறேன் என்று சொல்கிற ஆளைவிட, "இதுக்கு மேல ஏறாம பார்த்துக்கலாம்" என்று சொல்கிற டாக்டரை நான் நம்புவேன்.

பிசியோதெரபியைக் குறை சொல்வதாக நினைக்கவேண்டாம். ஜெர்மனியில் கத்தரீனா ஷ்ரோத் உருவாக்கிய மூச்சோடு சேர்ந்த பயிற்சிகளை இப்போது மகள் பிரேஸோடு சேர்த்துச் செய்கிறாள். சொல்லிக்கொடுப்பவர் முறையாகப் படித்தவர், நிமிர்த்துவேன் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. ஈரோட்டு வெயிலில் பிரேஸுக்குள்ளே வியர்த்துக் கொட்டுகிறது. காட்டன் பனியனை மாற்றி மாற்றிப் போட்டுச் சமாளிக்கிறோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். 'பேக்கேஜ்' என்பதால் தர முடியாது என்றார்கள். கூகுளில் விமர்சனம் எழுதியதும் தொனி மாறியது: பாதிப் பணம் தருகிறோம், விமர்சனத்தை எடுத்துவிட்டு, 'சிகிச்சையில் திருப்தி' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார்கள். போடவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அதனால்தான் பெயரைச் சொல்லவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்யவேண்டும், கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம். எங்களிடம் பலமாக இருப்பவை பணம் கட்டிய ரசீதும், "ஜீரோ" என்று அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியும், குறி இல்லாத அந்தப் படமும். பிலிமை "இங்கேயே இருக்கட்டும்" என்று கேட்டார்கள். நல்லவேளை, கையோடு வாங்கி வந்திருந்தேன்.