பள்ளிப் பிள்ளைகளுக்கான சிபிஆர் பயிற்சி: பொம்மைகள் அருமை, ஸ்லைடுகள் அதிகம்

எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெளியாட்களை வரவழைத்து சிபிஆர் (இதயம் நின்றுபோனவரின் மார்பை அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கும் முதலுதவி) சொல்லிக் கொடுத்தோம். இதே யோசனையில் இருக்கும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

அழுத்திப் பழக மூன்று பேருக்கு ஒரு மனித உருவப் பொம்மை என்று கொண்டுவந்திருந்தார்கள், அதற்கே முழு மதிப்பெண் கொடுக்கலாம். மேடையில் ஒரே பொம்மையை ஒருவர் அழுத்த மற்றவர்கள் வேடிக்கை பார்க்கும் வகுப்பு என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மார்பை 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தினால்தான் பொம்மைக்குள் ‘டிக்’ என்று சத்தம் வரும். ஆரம்பத்தில் பலருக்கு வரவே இல்லை, முழங்கையை மடக்கிக் கைபலத்தில் மட்டும் அழுத்தினார்கள். முட்டி போட்டு, கையை நேராக வைத்து, தோளைக் கைக்கு மேலே கொண்டுவந்து உடம்பின் எடையை இறக்கச் சொன்னதும், ஒல்லியான ஒரு பெண்ணின் பொம்மைகூட டிக் டிக் என்றது, அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஒவ்வொரு தடவையும் மார்பு முழுதாக மேலெழ வேண்டும், அப்போதுதான் இதயத்தில் மறுபடி ரத்தம் நிரம்பும். பயிற்சியாளர் ஒவ்வொரு பொம்மையாகப் போய் உட்கார்ந்து திருத்தினார்.

விலா எலும்பு உடைந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பையன் கேட்டான். உடையலாம், எலும்பு பிறகு கூடிவிடும், நீ நிறுத்தாதே என்றார் பயிற்சியாளர். பிள்ளைகளின் பயம் போக அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது.

குறை என்றால், இதய அறைகளின் படங்களுக்கே ஏகப்பட்ட நேரம் போனது. அதைவிடப் பெரிய குறை, ‘மூச்சு இல்லையென்றால் தொடங்குங்கள்’ என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட்டார்கள். இதயம் நின்றவர் முதல் சில நிமிடங்கள் வாயைத் திறந்து விட்டுவிட்டு இழுத்துக்கொண்டிருக்கலாம். அது மூச்சு அல்ல. அதை மூச்சென்று நம்பிக் காத்திருந்தால், சிபிஆர் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும். நான் கேட்ட பிறகுதான் நடித்துக் காட்டினார்கள். இதயத்தை மறுபடி சீராகத் துடிக்கவைக்க மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, பாதிப் பேர் அதைத் தொடவே இல்லை.

அப்புறம், ஒருமுறை நடத்திச் சான்றிதழ் கொடுப்பதோடு முடிகிற விஷயமில்லை இது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் ஆதரித்த ‘கிட்ஸ் சேவ் லைவ்ஸ்’ என்ற, பள்ளிகளில் சிபிஆர் கற்றுக்கொடுப்பதற்கான பரிந்துரையே, 12 வயதிலிருந்து ஆண்டுக்கு 2 மணி நேரம் என்கிறது. அடுத்த ஆண்டும் இவர்களையே கூப்பிடப் போகிறோம், ஸ்லைடுகளைப் பாதியாகக் குறைத்து இன்னும் இரண்டு ஏஇடி கொண்டுவருவதாக இருந்தால்.