வாக்கியத்தில் பிழை தேடும் கேள்விகள்: பல வருடப் பழக்கத்தில் எது கைகொடுத்தது

தமிழ் வழியில் படித்துவிட்டுப் போட்டித் தேர்வுக்கு வருகிறவர்கள் ஆங்கிலப் பகுதியைப் பார்த்து மிரளுவது எனக்கு நன்றாகவே புரிகிறது. நானும் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள்தான். ஆனால் அந்தப் பகுதியிலும் நமக்குச் சாதகமான இடம் ஒன்று இருக்கிறது. ‘ஸ்பாட்டிங் எரர்’, ‘சென்டன்ஸ் இம்ப்ரூவ்மென்ட்’ என்று வரும் வாக்கியத் திருத்தக் கேள்விகளைத்தான் சொல்கிறேன். வொக்காபுலரி கேள்வியில் சொல் தெரியவில்லை என்றால் அதோடு சரி, எவ்வளவு யோசித்தாலும் வராது. காம்ப்ரிஹென்ஷன் நேரத்தைச் சாப்பிடும். இதில் மட்டும் விடை கேள்விக்குள்ளேயே கிடக்கிறது. தேடத் தெரிந்தால் போதும்.

மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல், வங்கி அதிகாரி வேலைக்கான ஐபிபிஎஸ் பிஓ என்று சில வருடம் எழுதினேன். வேலை கிடைத்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் நூலகத்துக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியைச் சொல்லித்தருகிறேன். அதனால் இந்தக் கேள்விகளோடு உறவு விட்டுப்போகவில்லை. எந்த முறை கடைசிவரை நின்றது, எது பாதியிலேயே கழன்றுகொண்டது என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது.

முதலில், நிற்காத ஒன்று. “படித்துப் பாருங்கள், காதுக்கு எங்கே இடறுகிறதோ அங்கேதான் தப்பு” என்று பலரும் சொல்வார்கள். வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களுக்கு அது ஓரளவு ஓடும். நமக்கு ஓடாது. நம் காதில் அன்றாடம் விழுவது ‘டிஸ்கஸ் அபௌட்’, ‘ரிட்டர்ன் பேக்’, ‘கசின் பிரதர்’, ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ போன்ற தப்பான தொடர்கள்தான். கேட்டுக் கேட்டுப் பழகியதால் இவை எதுவும் இடறாது. தேர்வில் திரும்பத் திரும்ப வருவதும் இவையேதான்.

நூலகத்துக்கு வரும் ஒரு பெண் ஒருநாள் கேட்டாள்: “அக்கா, இதுல தப்பே இல்லையே, படிக்க நல்லாத்தானே இருக்கு?”

அவள் காட்டிய வாக்கியம்: ‘தி குவாலிட்டி ஆஃப் தி மேங்கோஸ் / சோல்ட் இன் தீஸ் ஷாப்ஸ் / வேர் நாட் குட் / நோ எரர்’.

“நல்லா இருக்கா இல்லையாங்கிறத விடும்மா. வினை எங்க இருக்கு, அத மட்டும் காட்டு.”

‘சோல்ட்’ மேல் விரலை வைத்தாள். விற்பது வினைதானே என்பது அவள் கணக்கு. ஆனால் அது வாக்கியத்தை முடிக்கிற வினை இல்லை. ‘கடைகளில் விற்கப்பட்ட மாம்பழங்கள்’ என்று நாம் சொல்லும்போது வருகிற ‘விற்கப்பட்ட’ மாதிரிதான் அது, பெயரெச்சத்தின் வேலையைச் செய்கிறது. முற்று என்றால் ‘வேர்’தான். “சரி, நல்லா இல்லாதது எது? மாம்பழமா, தரமா?” என்றதும் அவளே சொல்லிவிட்டாள். தரம், அதாவது ‘குவாலிட்டி’, ஒருமை. ‘வாஸ்’ வர வேண்டும். ‘மேங்கோஸ்’, ‘ஷாப்ஸ்’ என்று இரண்டு பன்மைகளை நடுவில் போட்டிருப்பது நம் கண்ணை இழுக்கத்தான்.

இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட என்னைக் கைவிடாதது இந்த வழிதான். முற்றைப் பிடிப்பது, அதற்கு உரிய எழுவாயைக் கண்டுபிடிப்பது, நடுவில் இருப்பதையெல்லாம் பென்சிலால் அடித்துவிட்டு மிச்சத்தைப் படிப்பது. ‘ஆஸ் வெல் ஆஸ்’, ‘அலாங் வித்’ வந்தால் முதலில் வரும் பெயரைப் பார்க்க வேண்டும். ‘நைதர்… நார்’ வந்தால் வினைக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டும். ‘தி நம்பர் ஆஃப்’ ஒருமை, ‘எ நம்பர் ஆஃப்’ பன்மை. இவையெல்லாம் அந்த ஒரே வழியின் கிளைகள்.

ஆங்கில இலக்கணம் படிக்கும்போது தமிழை மறந்துவிடு என்றுதான் பெரும்பாலும் அறிவுரை சொல்கிறார்கள். நான் அதற்கு நேர் எதிரானதைச் சொல்வேன். பள்ளியில் படித்த தமிழ் இலக்கணம் இந்தக் கேள்விகளுக்கு அருமையான துணை. எங்கே நாம் சறுக்குவோம் என்பதையும் அதுவே காட்டிக்கொடுக்கும்.

‘அவர்கள் வந்தான்’ என்று யாராவது சொன்னால் சின்னக் குழந்தைகூடத் திருத்தும். ஆனால் ‘மாடுகள் வந்தது’, ‘காய்கறி விலையெல்லாம் ஏறிடுச்சு’ என்று பேசும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எழுத்தில் ‘வந்தன’, ‘ஏறின’ என்று வந்தாலும் பேச்சில் அஃறிணைப் பன்மையை நாம் கண்டுகொள்வதே இல்லை. அதன் விளைவு ஆங்கிலத்தில் அப்படியே தெரிகிறது. ‘தே ஹேஸ்’ என்பதில் உடனே தப்பைப் பிடித்துவிடும் பிள்ளைகள், ‘தி பிரைசஸ் ஆஃப் வெஜிடபிள்ஸ் ஹேஸ் ரிசன்’ என்பதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எழுவாய் ஆளாக இல்லாமல் பொருளாக இருந்தால் ஒருமை பன்மையை இரண்டாவது தடவை பாருங்கள் என்று இப்போது முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

காலத்தில் இன்னொரு சறுக்கல். ‘2018லிருந்து இங்கே வேலை பார்க்கிறேன்’ என்பது தமிழில் சுத்தமான நிகழ்காலம். அதே மனசோடு ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2018’ என்று படித்தால் குறையே தெரியாது. ‘சின்ஸ்’ என்ற சொல் கண்ணில் பட்டால் உடனே திரும்பிப்போய் ‘ஹேவ் பீன்’ இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

தமிழ் நேரடியாக விடையே தருகிற இடமும் உண்டு. ‘டேங்லிங் மாடிஃபயர்’ என்று சொல்லிப் பலரும் பயமுறுத்தும் பகுதி அது. ‘ஹேவிங் என்டர்ட் தி ஹால், தி லைட்ஸ் வென்ட் அவுட்’ என்று ஒரு வாக்கியம். இதை ‘கூடத்துக்குள் நுழைந்து விளக்குகள் அணைந்தன’ என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். நுழைந்தது விளக்கா என்ற கேள்வி தானாக வருகிறது. ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் எழுவாயின் வினையைக் கொண்டே முடியும் என்பது தொல்காப்பியம் வினையியலிலேயே உள்ள விதி. நுழைந்தவரும் அடுத்த வினையைச் செய்தவரும் ஒருவராக இருக்க வேண்டும். ஆங்கிலத் தேர்வு கேட்பதும் அதையேதான். இதை முதன்முதலில் கவனித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. கரும்பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்காட்டினால் பிள்ளைகளின் முகமே மாறிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. தமிழாக்கும்போது ‘-து’ என்று முடியும் எச்சத்தையோ ‘-படி’யையோதான் போட வேண்டும். ‘வாக்கிங் டவுன் தி ஸ்ட்ரீட், எ டாக் பிட் ஹிம்’ என்பதைத் ‘தெருவில் நடந்து போகும்போது நாய் அவனைக் கடித்தது’ என்று மாற்றினால் தப்பு மறைந்துபோகும். ‘தெருவில் நடந்தபடி ஒரு நாய் அவனைக் கடித்தது’ என்றால் நாய் நடந்தது தெரிந்துவிடும். அப்புறம், ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்று காரண காரியமாகச் சொல்லும்போது தமிழ் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஆங்கிலத் தேர்வு அந்தச் சலுகையைத் தருவதில்லை. ‘பீயிங் எ ரெய்னி டே, வி ஸ்டேட் அட் ஹோம்’ என்று வந்தால் முன்னால் ‘இட்’ சேர்த்தாக வேண்டும்.

‘எ’, ‘ஆன்’ குழப்பத்துக்கும் தமிழ் எழுத்தே போதும். அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் ‘ஆன்’, இல்லையென்றால் ‘எ’. எம்எல்ஏ உயிர், ஆகவே ‘ஆன் எம்எல்ஏ’. யுனிவர்சிட்டி, யூரோப்பியன் இரண்டும் யகரம், ஆகவே ‘எ’. மணி நேரத்தைக் குறிக்கும் சொல்லை உச்சரிப்பது ‘அவர்’ என்றுதான், எழுத்தில் ‘எச்’ இருந்தாலும் ‘ஆன்’. ‘ஒன் ருப்பி நோட்’ மட்டும் ஏமாற்றும். தமிழில் ஒகரம் போட்டு எழுதினாலும் வாயில் வருவது ‘வன்’, அதனால் ‘எ’. எந்த இடத்தில் ஆர்டிகிள் வேண்டும், எங்கே வேண்டாம் என்பது வேறு விஷயம். அதற்கு வாசிப்பைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. பத்திரிகைத் தலையங்கம் ஒன்றைத் தினமும் நிதானமாகப் படிப்பது அதில் உதவுகிறது, பலன் தெரியப் பல மாதம் ஆகும்.

பயிற்சிக்கு எதை எடுப்பது? நூறு விதிகள், நூற்றைம்பது விதிகள் என்று சுற்றிவரும் பிடிஎஃப்கள் எனக்கு நிலைக்கவில்லை. படிக்கிற அன்று எல்லாம் புரிகிறது, தேர்வறையில் எந்த விதி எந்த வாக்கியத்துக்கு என்று பொருத்த வராது. பழைய வினாத்தாள்களே மேல். அதிலும் எஸ்எஸ்சி தாள்கள் அசலாகவே கிடைக்கின்றன. தேர்வு முடிந்ததும் விடைக்குறிப்பையும் நம் விடைத்தாளையும் அவர்களே வெளியிடுகிறார்கள். ஐபிபிஎஸ் வினாத்தாளையோ விடைக்குறிப்பையோ வெளியிடுவதில்லை. ‘மெமரி பேஸ்டு’ என்று சந்தையில் விற்பவை தேர்வு எழுதியவர்கள் நினைவிலிருந்து சொன்னவை. வாக்கியத் திருத்தத்தில் ஒரு ‘தி’ மாறினாலும் விடை மாறிவிடும் என்பதால், இந்தப் பகுதிக்கு மட்டும் அவற்றை நான் நம்புவதில்லை. வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களும் எஸ்எஸ்சி தாள்களில் பழகுவதே நல்லது.

கொஞ்சம் கடினமாக வேண்டும் என்றால் ஜிமேட்டின் பழைய கேள்விகள் இருக்கின்றன. எம்பிஏ சேர்க்கைக்கான அந்தத் தேர்வில் ‘சென்டன்ஸ் கரெக்‌ஷன்’ என்றே ஒரு பிரிவு இருந்தது. 2023 நவம்பரில் வந்த ‘ஃபோகஸ் எடிஷன்’ என்ற புதிய வடிவத்தில் அதை எடுத்துவிட்டார்கள். பழைய வடிவம் 2024 ஜனவரி 31ஓடு முடிந்தது. தேர்விலிருந்து போனாலும் அந்தக் கேள்விகளின் தரம் போகவில்லை. அடிக்கோடிட்ட பகுதிக்கு ஐந்து விடைகள், முதல் விடை எப்போதும் மூல வாக்கியமே. ஒப்பீட்டில் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் அவ்வளவு கறாராக இருக்கும். ‘தி கிளைமேட் ஆஃப் ஊட்டி இஸ் பெட்டர் தேன் சென்னை’ மாதிரி எஸ்எஸ்சி வாக்கியம் ஒன்றைப் பார்த்ததும் ‘தேன் தட் ஆஃப் சென்னை’ என்று கை தானாகப் போவதற்கு அந்தப் பயிற்சிதான் காரணம்.

நோட்டுப் போடுவதைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது ஒரு குறிப்பிட்ட விதமான நோட்டு. சரியான விடையை மட்டும் எழுதிவைப்பதில் பயனில்லை. மற்ற மூன்றும் ஏன் தவறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, தமிழிலேயே எழுத வேண்டும். ‘இதில் எழுவாய் தரம், பழம் இல்லை’ என்கிற அளவுக்கு எழுதினால் போதும். காரணம் எழுத வராத கேள்வி என்றால் விடை சரியாக இருந்தாலும் அது நமக்குத் தெரியாத கேள்விதான். அதை மறுபடி போட வேண்டும். கைபேசிச் செயலிகள் வேகத்துக்கு நல்லவை, விளக்கத்தில் பல சமயம் ‘இலக்கணப்படி இதுவே சரி’ என்று மட்டும் போட்டு முடித்துவிடுகின்றன. இலக்கணம் திருத்தும் மென்பொருள்களை இதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை பிழையில்லாத வாக்கியத்தையும் நடைக்காக மாற்றச் சொல்லும், தேர்வில் அதற்கு விடை ‘நோ எரர்’ ஆக இருக்கும்.

‘நோ எரர்’ என்றதும் நினைவுக்கு வருவது. பிள்ளைகள் அந்த விடையைத் தொடவே பயப்படுகிறார்கள். முற்று, எழுவாய், காலம், எச்சம், ஒப்பீடு, ப்ரெபொசிஷன் என்று வரிசையாகப் பார்த்து எதுவும் சிக்கவில்லை என்றால் தைரியமாக அதைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஐபிபிஎஸ் பிஓ முதல்நிலையில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 20 நிமிடம். ஒரே வாக்கியத்தில் குடியிருக்க அங்கே இடமில்லை.

ஊகித்துப் போடலாமா என்று கேட்பவர்களுக்குக் கணக்கையே போட்டுக்காட்டுவேன். சிஜிஎல் முதல் கட்டத்தில் சரி என்றால் 2 மதிப்பெண், தப்பு என்றால் 0.50 போகும். நான்கு விடைகளில் கண்ணை மூடிப் போட்டாலும் சராசரியில் நஷ்டம் வராது. இரண்டை நீக்கிவிட்டால் நல்ல லாபம். இரண்டாம் கட்டத்தில் ஆங்கிலம் 45 கேள்வி, 135 மதிப்பெண். அங்கே தப்புக்கு 1 போகும், கண்ணை மூடிப் போட்டால் சராசரி பூஜ்யம். ஐந்து விடையும் 0.25 கழிவும் உள்ள வங்கித் தேர்விலும் அப்படியே. எங்கேயானாலும் ஒரு விடையையாவது காரணத்தோடு நீக்க முடிந்தால்தான் போடுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

எந்த முறையும் எட்டாத ஒரு மூலை உண்டு. ‘சீனியர் டு’, ‘ப்ரிஃபர் டு’, ‘மேரீட் டு’, ‘நோ சூனர்’ வந்தால் ‘தேன்’, ‘ஹார்ட்லி’ வந்தால் ‘வென்’, ‘லெஸ்ட்’ வந்தால் ‘ஷுட்’. இவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். ‘ஃபர்னிச்சர்’, ‘அட்வைஸ்’, ‘லக்கேஜ்’, ‘சீனரி’ பன்மை ஏற்காது என்பதும் அதே கணக்கு. நல்லவேளை, தேர்வுகளில் சுற்றிச் சுற்றி வருபவை கொஞ்சம்தான், பழைய தாள்களைப் போடப் போடத் தானாகச் சேர்ந்துவிடும்.

இன்னொன்று, எஸ்எஸ்சி எழுதுகிறவர்களுக்கு. முதலில் வருவது தற்காலிக விடைக்குறிப்பு, அதை ஆட்சேபிக்கச் சில நாள் அவகாசம் தருகிறார்கள், ஒவ்வொரு கேள்விக்கும் கட்டணம் உண்டு. வாக்கியத் திருத்தக் கேள்வியில் குறிப்பில் உள்ள விடை சந்தேகமாக இருந்தால், தேர்வு முடிந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். என்ன விதி, வாக்கியத்தின் எந்தப் பகுதியில் அது மீறப்படுகிறது என்று இரண்டு மூன்று வரியில் எழுத முடிந்தால் ஆட்சேபம் போட்டுவிடுங்கள். நோட்டில் காரணம் எழுதிப் பழகியவர்களுக்கு அந்த இரண்டு வரி எழுதப் பத்து நிமிடம்கூட ஆகாது.