மட்டாஞ்சேரி யூத ஆலயத்தில் ஒரு வழிகாட்டியுடன்

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்தைப் பார்க்க, தனியார் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டோம். செருப்பைக் கழற்றிவிட்டு, சீனத்தில் கையால் நீல வண்ணம் தீட்டப்பட்ட தரை ஓடுகளின் மேல் நின்றபடி, நாங்கள் கேட்ட எளிய கேள்விகளுக்கெல்லாம் அவர் பொறுமையாக விடை சொன்னார்.

யூதர்களின் சனிக்கிழமை ஓய்வுநாள் ஏன் வெள்ளிக்கிழமை மாலையே பிறக்கிறது என்று என் மகள் கேட்டதற்கு, யூதர்களுக்கு நாள் என்பது சூரிய மறைவில் தொடங்குவது என்றும், ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் (முன்தோல் நீக்கும் சடங்கு), பதின்மூன்று வயதில் சமயப் பொறுப்பு, இறந்தவருக்காக ஏழு நாள் துக்கம் என்று வாழ்க்கைச் சடங்குகளும் இவ்வாறே எண்ணி வகுக்கப்பட்டவை என்றும் விளக்கினார். நிலைக்கதவின் வலப்புறம் பதிக்கப்படும் மெசூசா என்னும் சிறு பேழைக்குள் தோற்சுருளில் கையால் எழுதிய மறைவசனங்கள் இருப்பதை அவர் சொன்னபோது, உண்மையிலேயே நெகிழ்ந்துபோனேன்.

ஒரே குறை, கேரள யூத ஆலயங்களுக்கே உரிய மேல்மாடத்தில் அமைந்த, மறைநூல் வாசிப்பதற்கான இரண்டாம் மேடையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் விரைந்துவிட்டார். செல்பவர்கள் அதைக் கட்டாயம் கேட்டறியுங்கள். சனிக்கிழமையையும் யூதப் பண்டிகை நாள்களையும் தவிர்த்துவிடுங்கள்.