காலை இலவசம், மதியம் யார் பொறுப்பு? கோலாலம்பூரில் வீட்டுத் தாஸ்காவும் அரசாங்கப் பாலர் வகுப்பும்

ரப்பர்த் தோட்டங்களில், விடிவதற்கு முன் பிள்ளையை ஆயாக் கொட்டாயில் விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போன காலத்தில் ஒரே இடம், ஒரே ஆயா. செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளில் அந்த வேலை இப்போது மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. நான்கு வயதுவரை தாஸ்கா எனும் பிள்ளைப் பராமரிப்பு இடம், அதன்பின் பாலர் வகுப்பு, வகுப்பு விட்டதும் மாலைவரை வேறொருவர். முதல் இரண்டுக்கும் நல்ல மதிப்பெண் போடலாம். மூன்றாவதில்தான் பெற்றோர் திண்டாடுகிறார்கள்.

வீட்டுத் தாஸ்காவை முதலில் பார்ப்போம். 1984ஆம் ஆண்டுப் பிள்ளைப் பராமரிப்பு நிலையச் சட்டப்படி, நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நான்கு முதல் ஒன்பது பேரைக் கட்டணம் வாங்கி வீட்டில் பார்த்துக்கொள்பவர் சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். மூன்று பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பதிவு கட்டாயமில்லை. அவர் பொறுமைசாலியாகவே இருக்கட்டும், பதிவில்லாதவரிடம் கட்டும் பணத்துக்கு வரிக்கழிவு கிடையாது. பதிவு பெற்ற தாஸ்கா, தாடிகா (மழலையர் பள்ளி) கட்டணத்துக்கு ஆண்டுக்கு 3,000 ரிங்கிட்வரை கழிவு உண்டு. அப்பா அம்மாவில் ஒருவர்தான் கேட்க முடியும், எத்தனை பிள்ளை என்றாலும் உச்சவரம்பு அதேதான். மூவாயிரமும் கைக்குத் திரும்பி வரும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 11 விழுக்காட்டுப் படியில் வரி கட்டுபவருக்கு மிச்சமாவது 330 ரிங்கிட். ரசீதை ஏழாண்டு வைத்திருக்க வேண்டும். தாஸ்காவின் பெயரும் பதிவு எண்ணும் இல்லாமல் கிறுக்கிக் கொடுத்த துண்டுச்சீட்டு, பின்னால் கணக்குக் கேட்டு வரும் கடிதத்துக்குப் பதிலாகாது.

ஆள் கணக்கு இது: ஒரு வயதுக்குட்பட்ட மூவருக்கு ஒருவர், ஒன்றிலிருந்து மூன்று வயதுவரை ஐவருக்கு ஒருவர், மூன்றிலிருந்து நான்குவரை பத்துப் பேருக்கு ஒருவர். காகிதத்தில் எல்லாரிடமும் சரியாகத்தான் இருக்கும். பதினொன்றரை மணி வாக்கில் சொல்லாமல் போய்ப் பாருங்கள். மூன்று கைக்குழந்தை, ஐந்து ஓடியாடும் பிள்ளை, பார்த்துக்கொள்ள இரண்டு பேர் என்றால் கணக்கு ஒத்துப்போகிறது. அதில் ஒருவர் அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தால் மற்றவர் தலையில் எட்டுப் பேர். பல இடங்களில் கோளாறு இங்கேதான். சமையலுக்குத் தனி ஆள் இருக்கும் வீட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும். சமைப்பவர் டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும், அதை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உணவு கையாளும் பயிற்சிச் சான்றையும் கேட்டுப் பாருங்கள்.

விலையும் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதை மூன்று கைக்குழந்தைக்குப் பங்கிட்டால் தலைக்கு ஏறக்குறைய 567 ரிங்கிட் சம்பளத்துக்கே போய்விடும், வாடகையும் சாப்பாடும் தனி. ஆள் வைத்து நடத்தும் இடம் கைக்குழந்தைக்கு 400 ரிங்கிட் கேட்டால் அது மலிவு என்று மகிழ வேண்டிய விஷயமல்ல. எங்கேயோ ஆள் குறைகிறது.

பால் கொடுக்கும் நேரத்தில் பத்து நிமிடம் நின்றாலே இடத்தின் தரம் தெரிந்துவிடும். தாய்ப்பால் போத்தலில் பிள்ளையின் பெயரும் தேதியும் எழுதியிருக்கிறதா? வெதுவெதுப்பான நீரில் வைத்துச் சூடேற்றுகிறார்களா, மைக்ரோவேவில் வைக்கிறார்களா? மைக்ரோவேவில் பால் ஒரே சீராகச் சூடாகாது. போத்தல் வெளியே இளஞ்சூடாக இருக்கும், உள்ளே ஓரிடத்தில் நாக்கைச் சுட்டுவிடும். போத்தலைத் தலையணையில் சாய்த்துவைத்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கவனிக்கப் போகும் பழக்கம் இருந்தால் அந்த இடமே வேண்டாம், பால் புரையேறினால் பக்கத்தில் ஆள் இருக்காது. ஸ்பிரிங் தொட்டிலில் துணி மூடி முகம் தெரியாமல் தூங்க வைப்பதும் அப்படித்தான். கைக்குழந்தையைத் தட்டையான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும்.

இங்கிலாந்தில் பதிவு பெற்ற வீட்டுப் பராமரிப்பாளரிடம் பிள்ளையை விட்டாலும் வாரத்துக்கு 15 அல்லது 30 மணி நேரத்துக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது. இங்கே அரசாங்கத்தின் பணம் பெரும்பாலும் வகுப்பறையோடு நின்றுவிடுகிறது. அந்த வகுப்பறை நன்றாக இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தமிழ்ப்பள்ளி வளாகத்திலுள்ள கல்வி அமைச்சின் பாலர் வகுப்பில் அதிகபட்சம் 25 பிள்ளைகள், ஓர் ஆசிரியர், ஒரு துணையாளர். பாடம் தமிழில், கூடவே மலாய். துணையாளர் அங்கேயே சமைத்துச் சுடச்சுடப் பரிமாறுகிறார், சாப்பிட்டதும் வரிசையாகப் பல் துலக்கல். இதே காசுக்கு, அதாவது காசே இல்லாமல், இவ்வளவு ஒழுங்கைத் தனியாரிடம் எதிர்பார்க்க முடியாது. முதலாம் ஆண்டுக்குப் போகுமுன் பிள்ளை எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று பதறும் பெற்றோருக்கு இங்கே விளையாட்டு அதிகமாகத் தெரியும். அது பாடத்திட்டத்தின் வேலை, ஆசிரியரின் சோம்பல் அல்ல.

குறை வேறிடத்தில். இடம் குறைவு, விண்ணப்பத்தை இணையத்தில் முன்கூட்டியே போட வேண்டும், வயதில் மூத்த பிள்ளைக்கே முன்னுரிமை. நான்கு வயதுப் பிள்ளைக்குத் தாஸ்காவின் வரம்பு முடிந்திருக்கும், இங்கேயும் இடம் கிடைப்பது அரிது. அந்த ஓராண்டுக்குக் கெமாஸ் எனும் அரசாங்க இலாகா நடத்தும் பாலர் வகுப்பான தபிகாவைப் பார்க்கலாம், ஆனால் அங்கே பெரும்பாலும் தமிழ் இருக்காது. தனியார் தாடிகாவுக்கு, இந்தியச் சமூகத்துக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவின் உதவித்தொகை வந்திருக்கிறது. எந்தத் தாடிகா அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதைச் சேர்க்குமுன் கேளுங்கள்.

வகுப்பு நாளொன்றுக்கு நான்கு மணி நேரம்தான், நண்பகலோடு முடிந்துவிடும். அலுவலகம் ஐந்தரைக்கு விடுகிறது, எல்ஆர்டி ரயில் நெரிசலில் வீடு சேர ஏழு. இடையில் வேன்காரரும், மாலைவரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் டிரான்சிட் வீடும். வேனில் எத்தனை பிள்ளை, இறக்கிவிட்டதும் யார் கையெழுத்துப் போடுகிறார், பிள்ளை வராத நாளில் யார் போன் அடிப்பார் என்று ஆசிரியர், வேன்காரர், டிரான்சிட் வீட்டார் மூவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். பதில் மூன்று விதமாக வந்தால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

கடைசியாக ஒரு செலவு. கை, கால், வாய்ப் புண் நோய் பரவினால் சுகாதாரத் துறை இடத்தையே மூட உத்தரவிடலாம். பிள்ளைக்கு நோய் இல்லாவிட்டாலும் நீங்கள்தான் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். மூடியிருக்கும் நாள்களுக்குக் கட்டணம் கழியுமா, வைப்புத்தொகையில் சேருமா என்பதைச் சேர்க்கும் அன்றே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.