குப்பம் பச்சையா, கேலக்ஸியா, குவார்ட்ஸா: எல்லையோரக் கல் கடைகளில் அடுப்படி மேடை வாங்குவோருக்கு

கல் கடைக்குள் நுழைந்ததும் எல்லோரும் கேட்பது சதுர அடி விலையைத்தான். அதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டியவை மூன்று: சிங்க், அடுப்பு, குழாய். தமிழக–ஆந்திர எல்லையில் கிருஷ்ணகிரி, பர்கூர், குப்பம் வட்டாரத்தில் விற்கும் பலகைகள் நடுவில் முறிவது அரிது. சிங்குக்கும் அடுப்புக்கும் வெட்டிய ஓட்டையின் மூலையில்தான் மேடை விரிசல் விடும். ஓட்டையின் அளவு தெரியாமல் வாங்கிய கல், எவ்வளவு நல்ல கல்லானாலும், மேஸ்திரியின் ஊகத்துக்கு வெட்டப்படும். எனவே சிங்கை வாங்கி வீட்டில் வைத்துவிட்டுக் கல் பார்க்கப் போங்கள். பதிக்கும் வகை அடுப்பு என்றால் அதன் வெட்டு அளவு மாடலுக்கு மாடல் மாறும். பெட்டிக்குள் இருக்கும் தாளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இனி கற்களைப் பார்ப்போம்.

இந்த வட்டாரத்தில் எங்கள் முதல் தேர்வு குப்பம் பச்சை. கறுப்பை ஒட்டிய பச்சை நிறம், நெருக்கமான பொடி மணி. கடைக்காரர் கிரானைட் என்று விற்கும் கருநிறக் கற்களில் பல, நிலவியல்படி கிரானைட் இல்லை. டோலரைட், காப்ரோ என்ற வேறு பாறை இனத்தவை. வாங்குபவருக்கு இதில் லாபம்தான். இந்த இனக் கற்கள் எண்ணெயையும் மஞ்சளையும் எளிதில் உறிஞ்சுவதில்லை, புளிக்கும் எலுமிச்சைக்கும் அசைவதில்லை. கேழ்வரகு களி கிண்டும் வீட்டில் இது பெரிய விஷயம். பானை அடுப்பிலிருந்து நேராக மேடைக்கு வரும், அதன்மேல் துடுப்பைப் போட்டு முழுப் பலத்தோடு அழுத்துவார்கள். சூடு, பளு இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்கும் கல் வேண்டும், அது இது. குறை ஒன்று உண்டு. பாலிஷ் செய்த கருநிறக் கல்லில் போர் தண்ணீரின் உப்பு வெள்ளை வெள்ளையாகத் தெரியும். தினமும் துடைத்து உலர்த்த முடியாதவர்கள் லெபோட்ரா என்ற, தோல் போல மேடுபள்ளமான பாலிஷ் கேட்கலாம். கறை மறையும், ஆனால் அந்த மேடுபள்ளத்தில் சப்பாத்தி மாவு ஒட்டும், நேராகக் கல்லிலேயே தேய்க்க முடியாது.

பிளாக் கேலக்ஸி பிரகாசம் மாவட்டத்துச் சீமகுர்த்தியில் எடுக்கும் கல். அதில் மின்னும் பொன் புள்ளிகள் பிரான்சைட் என்ற கனிமம். உழைப்பில் குப்பம் பச்சைக்குச் சமம். கூடுதலாகக் கொடுக்கும் காசு அந்த மினுமினுப்புக்குத்தான். புள்ளிகள் ஒரு பலகையில் நெருக்கமாகவும் இன்னொன்றில் சிதறலாகவும் இருக்கும். ஒரே பாளத்தில் அறுத்த, அடுத்தடுத்த பலகைகளாகக் கேட்டு வாங்காவிட்டால் எல் வடிவ மேடையின் இரண்டு கைகளும் இரண்டு கல்லாகத் தெரியும்.

பாரடைசோ நம் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல். ஊதாவும் சாம்பலும் கறுப்பும் அலை அலையாக ஓடும், கறை தெரியாது, உப்பும் தெரியாது. ஆனால் அலை ஓடும் திசையிலேயே அது உடையவும் செய்யும். சிங்க் ஓட்டையின் முன்பக்கக் குறுகிய துண்டில் அலை குறுக்காக வந்தால் அந்த இடம் பலவீனம். பலகையில் சிங்க் எங்கே விழும் என்று சாக்கட்டியால் வரைந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வெளிர் நிறக் கற்களை இந்தச் சமையலுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மதுரை மேலூர்ப் பக்கம் எடுக்கும் காஷ்மீர் ஒயிட் பார்க்க அழகு. ஆனால் உறிஞ்சும், அதிலுள்ள இரும்பு ஈரம் பட்டுத் துருநிறம் காட்டும். அதுதான் வேண்டும் என்றால் சீலர் (கல்லின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) பூசியே ஆக வேண்டும். காய்ந்த கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு 10 நிமிடம் கழித்துத் துடையுங்கள். கீழே கருத்த வட்டம் நின்றால் மறுபடி பூசும் காலம் வந்துவிட்டது. இதற்கடியில் சாதாரண சிமெண்ட் கலவை போட்டால் அதன் ஈரமும் நிறமும் மேலே ஏறும். வெள்ளைச் சிமெண்ட் அடிப்படையிலான கல் பசை போடுங்கள்.

கடப்பா கல்லை மேடைக்குப் போடாதீர்கள். அது சுண்ணாம்புக் கல். புளித்தண்ணீர் சிந்திய இடமெல்லாம் பளபளப்புப் போய் வெளுத்துவிடும், எந்தப் பாலிஷும் நிரந்தரமாக மீட்காது. மேடைக்கு அடியில் தாங்கு பலகைக்கும் தட்டுகளுக்கும் அதைவிட மலிவான, கறையான் ஏறாத பொருள் இல்லை. அதன் இடம் அங்கேதான்.

குவார்ட்ஸ் பலகை இயற்கைக் கல் கிடையாது. 90 சதவீதத்துக்கு மேல் குவார்ட்ஸ் தூளும் மீதி பிசினும் சேர்த்து அழுத்திச் செய்வது. நிறம் ஒரே சீர், உறிஞ்சாது, சீலர் வேண்டாம். ஆனால் பிசினுக்குச் சூடு ஆகாது. 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மஞ்சளடிக்கும், சில நேரம் விரிசல் விடும். வடை சுட்ட எண்ணெய்ச் சட்டி 180 டிகிரியை ஒட்டி இருக்கும். ஒவ்வொரு முறையும் அடியில் பலகை வைக்கும் பழக்கம் உள்ள வீட்டுக்கு மட்டுமே இது. வெயில் நேராக விழும் ஜன்னலோரத்திலும் நிறம் மாறும். வெட்டுபவரின் உடம்பையும் நினைக்க வேண்டும். இந்தத் தூளால் கல் அறுப்போருக்கு வந்த சிலிகோசிஸ் நுரையீரல் நோயைக் காரணம் காட்டி ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் குவார்ட்ஸ் பலகைகளையே தடை செய்தது. கிரானைட்டிலும் சிலிகா உண்டு. எந்தக் கல்லானாலும் வீட்டுக்குள் உலர்வாக அறுக்க விடாதீர்கள். தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வாசலில் வைத்து அறுக்கச் சொல்லுங்கள்.

கடையில் பலகையைச் சோதிக்க நான்கு பொருள் போதும்: தண்ணீர், நாணயம், எலுமிச்சை, வெள்ளைத் துணியில் கொஞ்சம் அசிட்டோன். நகப்பாலிஷ் அழிக்கும் திரவமாக அது மருந்துக் கடையில் கிடைக்கும். பலகை முழுக்கத் தண்ணீர் தெளித்துக் காய விடுங்கள். மற்ற இடம் காய்ந்தபின்னும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அது விரிசல். நாணயத்தால் தட்டினால் மணி போல ஒலிக்க வேண்டும், மொத்தென்று கேட்டால் வேறு பலகை பாருங்கள். கன்னங்கறுப்புக் கல்லை அசிட்டோன் துணியால் தேய்த்துத் துணி கறுத்தால் அது சாயம் ஏற்றிய சாம்பல் கல். ஓராண்டில் சிங்க் ஓரம் வெளுக்கும். எலுமிச்சையை ஒரு துண்டில் பிழிந்து கால்மணி நேரம் வையுங்கள், தடம் விழுந்தால் அது மேடைக்கு ஆகாது. கல்லின் பின்பக்கம் வலை ஒட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். எளிதில் உடையும் கல்லுக்குத்தான் பெரும்பாலும் வலை போடுவார்கள்.

தடிமன் 18 மிமீக்குக் குறைய வேண்டாம். 16 என்று சொல்லி 14 வைத்திருக்கும் இடமும் உண்டு, நான்கு மூலையிலும் அளந்து பாருங்கள். கேங்சா என்ற பெரிய பலகைகள் வீட்டு மேடைக்கு வீண். 26, 27 இன்ச் அகலமுள்ள கட்டர் சைஸ் பலகை கிடைத்தால் 25 இன்ச் மேடை ஒரே துண்டில் வரும், கழிவும் குறையும். ஆந்திரப் பக்கக் கடைச் சீட்டில் 'சதரபு அடுகு' என்று இருந்தால் அது சதுர அடிதான். எதை அளந்தார்கள் என்பதை மட்டும் பாருங்கள்: உடைந்த ஓரத்தைத் தள்ளி, நேரான செவ்வகத்தை அளப்பதே முறை.

கணக்கு இப்படிப் போடலாம். ஒரு சுவர் 10 அடி, மறு சுவர் 6 அடி, மேடை 25 இன்ச். முதல் கை 10 அடிக்கு ஏறக்குறைய 20.8 சதுர அடி. மூலையைக் கழித்து இரண்டாம் கை 3.9 அடிக்கு 8.2. சுவரோரம் 4 இன்ச் பட்டி 16 அடிக்கு 5.3. முன் விளிம்பைத் தடிமனாகக் காட்ட அடியில் ஒட்டும் 2 இன்ச் பட்டி, 11.8 அடிக்கு 2. ஆக 36 சதுர அடி. கழிவுக்கு எட்டில் ஒரு பங்கு சேர்த்தால் 41. கருநிறக் கல் 18 மிமீ தடிமனில் சதுர அடிக்கு 5 கிலோ வரும். வாங்கும் கல் மொத்தம் ஏறக்குறைய 200 கிலோ. அடியில் செங்கல் சுவரோ நல்ல பிளைவுட் பெட்டியோ எதுவாக இருந்தாலும் இந்த எடைக்கு நிற்க வேண்டும். சிங்க் பெட்டிக்கு மட்டுமாவது ஐஎஸ் 710 முத்திரையுள்ள, தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட் போடுங்கள். விளிம்பு மோல்டிங் கூலி ரன்னிங் அடி (நீள அடி) கணக்கு, அது தனி.

உயரத்தை மேஸ்திரியின் வழக்கத்துக்கு விடாதீர்கள். சமைப்பவர் முழங்கையை மடக்கி நிற்கட்டும்; தரையிலிருந்து அந்த உயரத்தில் 4 முதல் 5 இன்ச் கழித்தால் காய் நறுக்கும் மேடை. மேடைமேல் வைக்கும் அடுப்பு என்றால் அதன் உயரம் அளந்து, அந்த இடத்தில் மட்டும் அவ்வளவு தாழ்த்த வேண்டும். இல்லாவிட்டால் களிப் பானையில் துடுப்பு பிடிக்கும்போது தோள் மேலேறும். தாழ்த்த மனமில்லாதவர்கள் பதிக்கும் அடுப்பு வாங்கட்டும்.

இப்போது ஓட்டை. கட்டிங் மெஷினின் வட்டத் தகடு மூலையில் நிற்காமல் கோட்டைத் தாண்டி ஓடிவிடும். தாண்டிய அந்த அரை இன்ச் கீறலிலிருந்துதான் ஆறு மாதம் கழித்து விரிசல் கிளம்பும். நான்கு மூலையிலும் முதலில் டிரில் செய்து, அந்தத் துளைகளுக்கு இடையில் அறுக்கச் சொல்லுங்கள், மூலை வளைவாக நிற்கும். ஓட்டைக்கு முன்னும் பின்னும் மிஞ்சும் துண்டு தலா இரண்டரை இன்சுக்குக் குறையக் கூடாது. இணைப்புக் கோடு சிங்க் மேலும் அடுப்பு மேலும் வரவே கூடாது. எல் மூலையில் கோணமாகச் சேர்க்காமல் நேராக முட்டவைத்து ஒட்டுங்கள், கோண வெட்டின் கூர்முனை பொடிந்துவிடும். குறுகிய துண்டின் அடியில் கம்பி பதிப்பது நல்ல வழக்கம். ஆனால் சாதாரண இரும்புக் கம்பி துருவேறிப் பருத்துக் கல்லையே பிளக்கும். ஸ்டெயின்லெஸ் கம்பியும் எபாக்சி பசையும் கேளுங்கள்.

சிங்கில் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் வேண்டும். காந்தம் ஒட்டவில்லை என்பதைச் சான்றாகக் காட்டுவார்கள். மலிவான 202 ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. 202இல் அதிகமுள்ள மாங்கனீசைக் காட்டிக்கொடுக்கும் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டால் அது சிவக்கும். அதை வைத்துக் காட்டும் கடையில் வாங்குங்கள். 1 மிமீ தடிமன், 9 இன்ச் ஆழம், அடியில் சத்தம் குறைக்கும் ரப்பர் பட்டை: இவ்வளவு இருந்தால் போதும். கல்லுக்கு அடியில் பொருத்தும் வகை துடைக்கச் சுகம், ஆனால் சிலிகான் மட்டும் நம்பி ஒட்டினால் தண்ணீர் நிறைந்த பாத்திரங்களோடு ஒருநாள் இறங்கிவிடும். இருபுறமும் கடப்பா துண்டோ ஆங்கிள் சட்டமோ தாங்க வேண்டும். கறுப்பு நிறக் கலவைச் சிங்குகள் உப்புத் தண்ணீர் வீட்டுக்குப் பொருந்தாது, வெள்ளைப் படலம் எளிதில் போகாது.

வீட்டு வேலை முடியும்போது டைல்ஸ் கழுவ ஆசிட் ஊற்றுவார்கள். அதன் புகை பட்டாலே புதுச் சிங்க் புள்ளி புள்ளியாகும், குழாயின் குரோம் மங்கும். எனவே சிங்கும் குழாயும் ஆசிட் கழுவல் முடிந்த பிறகே பொருத்தப்பட வேண்டும்.

18 இன்ச் சிங்கை 24 இன்ச் மேடையில் வைத்தால் பின்னால் 3 இன்ச்தான் மிஞ்சும். அதில் 35 மிமீ துளையிட்டுக் கல்மேல் குழாய் வைப்பது நெருக்கடி, துளையின் ஓரமே விரிசலுக்கு வழி. சுவர்க் குழாய் வையுங்கள், அல்லது மேடையை 26 இன்ச் ஆக்குங்கள். சுவர்க் குழாய் நீட்டம் 8 இன்சுக்குக் குறைந்தால் தண்ணீர் சிங்கின் பின்சுவரில் விழுந்து தெறிக்கும். குடம் பிடிக்கும் வீடு என்றால் குடத்தின் உயரத்தில் சிங்கின் ஆழத்தைக் கழித்து 2 இன்ச் கூட்டுங்கள். மேடையிலிருந்து குழாய் வாய் அவ்வளவு உயரத்திலாவது இருக்க வேண்டும்.

இழுத்து நீட்டும் ஸ்பிரே குழாய்கள் பலவற்றுக்கு அரை பார் அழுத்தமாவது வேண்டும். குழாய்க்கு மேல் 10 அடியில் நிற்கும் தொட்டி 0.3 பார்தான் தரும். பிரஷர் பம்ப் இல்லாத வீட்டில் அந்தக் காசு வீண். மணலும் உப்பும் வரும் போர் தண்ணீருக்குக் கால் சுற்றுச் செராமிக் குழாய் வைத்தால் முன்னால் ஒரு வடிகட்டி போடுங்கள், குழாயின் உள்ளே மாற்றும் கார்ட்ரிட்ஜ் 35 மிமீயா 40ஆ என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உதிரி உள்ளூரில் கிடைக்காத குழாயைவிட வாஷர் மாற்றும் பழைய பித்தளைக் குழாய் மேல். முனையின் சல்லடையில் உப்பு அடைத்தால் கழற்றி வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். கடப்பா தட்டின்மேல் வைத்து ஊறவைக்காதீர்கள்.

வேலை முடித்துக் கூலி தருவதற்கு முன் சிங்கை அடைத்து விளிம்புவரை தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விடுங்கள். காலையில் அடைப்பை ஒரேயடியாகத் திறந்துவிட்டு, அடியில் உள்ள டிராப் (நாற்றம் தடுக்கும் வளைகுழாய்), 2 இன்ச் கழிவுக் குழாயின் இணைப்பு, சிலிகான் கோடு மூன்றையும் உலர்ந்த காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். பிறகு மேடையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொட்டுங்கள். அது சிங்க் பக்கம் மெல்ல நகர்ந்தால் சரி. முன் விளிம்புக்கு வந்து காலில் சொட்டினால் கல்லைத் தூக்கி மறுபடி மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். கலவை இறுகுமுன் அதே நாளில் சொன்னால்தான் முடியும், ஆகவே இந்த டம்ளர் சோதனையை மட்டும் கல் பதித்த அன்றே ஒருமுறை செய்துவிடுங்கள்.