கேம்பர் வேனில் டிவி வயரிங் செய்யப் போகிறவர்கள் ஒரு நிமிடம் படியுங்கள்

தஞ்சாவூரில் வண்டிகளுக்கு ஆடியோ, டிவி மாட்டித் தரும் ஒரு கடையில் 9,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். கடையின் பெயரை எழுதவில்லை. வேலை எப்படி நடந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

எங்களுடையது கூரையைத் தூக்கும் பாப்-அப் கேம்பர் வேன், பழையதாக வாங்கியது. கூரை மேலே போனால் சுற்றிலும் கேன்வாஸ், உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். அப்பாவுக்கு முட்டி தேய்ந்து தரையில் உட்கார முடியாமல் போனதிலிருந்து திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்குப் போவதை விட்டுவிட்டார். இந்த வருஷம் வேனைக் கூட்டத்திலிருந்து தள்ளி ஆற்றங்கரை ஓரம் நிறுத்துவது, வெளியே ஸ்டாண்டில் டிஷ்ஷை வைப்பது, பஞ்சரத்ன கீர்த்தனையை அவர் சாய்ந்தபடியே பொதிகையில் பார்ப்பது என்று முடிவு செய்தோம். (டிடி தமிழ் என்று 2024இல் பெயர் மாறிவிட்டது. அப்பாவுக்கு இன்னமும் பொதிகைதான்.)

கேட்டது சின்ன வேலை. வேனின் பக்கவாட்டில் டிஷ் வயர் செருக ஒரு சாக்கெட், அங்கிருந்து கூரையில் தொங்கும் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் பாக்ஸ் வரை வயர், பாக்ஸுக்கும் டிவிக்கும் பேட்டரியிலிருந்து 12 வோல்ட் லைன். "சுத்தமான செம்பு ஆர்ஜி6 வயர்தான் சார், ஒரே ஓட்டம், நடுவுல ஜாயிண்டே வராது" என்றார் கடைக்காரர். (ஆர்ஜி6 என்பது டிஷ் இணைப்புக்குப் போடும் வயர்.) சாயங்காலம் போனபோது ஒட்டுப்பலகையெல்லாம் மூடி ஆணி அடித்தாகிவிட்டது. டிவி ஓடியது. கடையின் தகரக் கொட்டகை தாழ்வானது, வேனின் கூரையைத் தூக்கிப் பார்க்க இடமில்லை. நானும் வற்புறுத்தவில்லை. பணம் கொடுத்தேன், துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார்.

ஆராதனைக்கு முந்தைய இரவு கரையோரம் கூரையைத் தூக்கினோம். கொஞ்ச நேரம் படம் வந்தது, அப்புறம் கட்டம் கட்டமாக உடைந்தது. காலையில் 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து மட்டும். ஒன்பது மணிக்கு நாட்டை ராகத்தில் தொடங்கிவிட்டார்கள். ஒலிபெருக்கிச் சத்தம் காற்றில் விட்டு விட்டு வந்தது. அப்பா அதைக் கேட்டுக்கொண்டே தொடையில் தாளம் போட்டார். "விடுடா தம்பி, காதுல விழுதுல்ல" என்றார். எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் கும்பகோணத்தில் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர் பலகையைக் கழற்றினார். உள்ளே இருந்தது ஒரே வயர் இல்லை, இரண்டு துண்டு. நடுக்கம்பிகளை முறுக்கி, வெளிப்பின்னலை முறுக்கி, மேலே டேப் சுற்றியிருந்தார்கள். கூரை தூக்கும் வண்டியில் வயரை மூலையில் வளைவாகத் தொங்கவிட்டு, கூரை ஏறும்போது நீள இடம் கொடுக்க வேண்டும். இவர்கள் விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தார்கள், கூரை ஏறியதும் ஜாயிண்ட் இழுபட்டுவிட்டது. டிஷ்ஷின் தலையில் இருந்து சிக்னலை வாங்கும் கருவியான எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் போவதும் இதே வயரில்தான். நடுக்கம்பி பின்னலைத் தொட்டால் அங்கேயே ஷார்ட். இராத்திரிப் பனி ஈரம் வேறு இறங்கியிருந்தது.

நடுக்கம்பியைக் கத்தியால் சுரண்டினார், உள்ளே வெள்ளை. காந்தம் ஒட்டியது. செம்பு முலாம் பூசிய இரும்பு. சிக்னல் அளவுக்கு அது கெடுதல் இல்லை, நிறைய ஆர்ஜி6 வயர் அப்படித்தான் வருகிறது. ஆனால் என்னிடம் வாங்கியது செம்பு வயரின் விலை.

இதெல்லாம் கூடப் போகட்டும். 12 வோல்ட் லைனைப் பேட்டரியிலிருந்து நேராக இழுத்திருந்தார்கள், நடுவில் ஃபியூஸ் இல்லை. தகரத்தில் துளை போட்டு, ரப்பர் வளையம் வைக்காமல் அதன் வழியே விட்டதில் வயரின் மேல்தோல் பாதி அறுந்திருந்தது. "இன்னும் நாலு தரம் வண்டி குலுங்கியிருந்தா செம்பு தகரத்தைத் தொட்டிருக்கும் தம்பி. பத்திக்கிட்டா ஐயா எப்படி இறங்குவாரு?" என்று கேட்டார். அந்த இரவு அந்த லைனுக்கு ஒரு முழம் தள்ளித்தான் அப்பா தூங்கினார்.

கடைக்குத் திரும்பிப் போனேன். "கூரையைத் தூக்குவீங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே சார்" என்று பதில். பில்லும் கிடையாது என்றார். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். துண்டுச் சீட்டு, பலகையைக் கழற்றியபோது எடுத்த படங்கள், பணம் அனுப்பிய யுபிஐ பதிவு எல்லாவற்றையும் சேர்த்து மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். சரியான பில் இருந்திருந்தால் இந்த அலைச்சலில் பாதி குறைந்திருக்கும். நீங்கள் பில்லை வாங்காமல் பணத்தை நீட்டாதீர்கள். பலகையை மூடும் முன் வயரைக் காட்டச் சொல்லுங்கள், கடை வாசலில் வண்டியை நிறுத்தி, கூரையைப் பத்துத் தரம் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

கும்பகோணத்துக்காரர் புது வயரைப் பலகைக்கு வெளியே, கண்ணில் படும்படி ஓட்டிக் கொடுத்திருக்கிறார். பேட்டரிப் பக்கத்திலேயே ஃபியூஸ். அப்பா தினமும் ஒரு தடவை போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறார்.