நாலு வருசம், ரெண்டு ஃபோர்க், ஒரே 44 மி.மீ. ஹெட் டியூப்

நாகமலை அடிவாரத்துலயும் கீழக்குயில்குடி பக்கத்து மண் பாதையிலும் நாலு வருசமா ஓட்டுற அலுமினிய எம்டிபி, அதாவது மலைப்பாதை சைக்கிள் இது. வாங்குறப்ப கியரையும் பிரேக்கையும் பார்த்தேனே தவிர, முன்சக்கரத்தைத் தாங்குற ஃபோர்க்கோட தண்டு நுழையுற ஹெட் டியூப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கலை.

பழைய ஃபோர்க்ல எண்ணெய் கசிய ஆரம்பிச்சதும், செகண்ட் ஹேண்டா ஒரு டேப்பர் ஃபோர்க், அதாவது தண்டு கீழ போகப் போகத் தடிக்கிற ஃபோர்க், கிடைச்சது. பழசோட தண்டு மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே 28.6 மி.மீ.; புதுசு அடியில ஒன்றரை அங்குலம். நண்பர் வண்டியோட ஹெட் டியூப் உள்விட்டம் 34. அவருக்கு இந்த ஃபோர்க் சேரவே சேராது. வெர்னியர் அளவுகோலை விட்டுப் பார்த்தா என்னுது 44. பிழைச்சேன்!

அப்பவும் சொதப்பினேன். மேல, கீழ ரெண்டுக்கும் பேரிங்கைத் தாங்குற கப்புல, டியூப்புக்குள்ள உட்காருற இசட்எஸ்44 வகையையே வாங்கிட்டேன். அடி பேரிங் 52 மி.மீ. அகலம், 44 மி.மீ. ஓட்டைக்குள்ள எப்படி நுழையும்? கீழே வெளியில தொங்குற இசி44/40 கப்புதான் சரி. அதனால முன்பக்கம் ஒரு 12 மி.மீ. உசந்தது, ஹெட் டியூப்போட சாய்வான ஹெட் ஆங்கிள் அரை டிகிரி போலச் சாய்ஞ்சது. ஏத்தத்துல முன்சக்கரம் கொஞ்சம் அலையுது. இறக்கத்துல நல்லாவே நிக்குது.

கப்பைச் சுத்தியலால அடிக்காம, நீள மரைக்கம்பியும் வாஷரும் வெச்சு இறுக்கி ஏத்தினார் கடை அண்ணன். "தம்பி, தண்டு உச்சியில இருக்கிற மேல்மூடி போல்ட் ஆட்டத்தை எடுக்கத்தான். வண்டியைப் பிடிச்சு நிக்கிறது, ஹேண்டில்பாரைத் தண்டோட சேர்க்கிற ஸ்டெம்மோட போல்ட். ஸ்டெம்மை லூஸ் பண்ணாம மூடியை முடுக்கி என்ன பிரயோசனம்?" நான் ஒரு மாசமா அதைத்தான் செஞ்சுக்கிட்டிருந்தேன்.

ரெண்டாவது ஐப்பசி மழையில அடி பேரிங் போச்சு. முன்சக்கரம் வாரி அடிக்கிற சேறு அங்கதான் விழும்; போதாததுக்கு வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் தண்ணி வேற அடிச்சேன், என் புத்தியைச் சொல்லணும். ஹேண்டில்பாரைத் திருப்பினா நடுவுல ஒரு பள்ளத்துல விழுற மாதிரி இருக்கும். மாத்தினப்ப அளவை மட்டும் பார்த்து, 45 டிகிரிக்குப் பதிலா 36 டிகிரி சாய்வு உள்ளதைப் போட்டுட்டேன். உட்கார்ந்தது, ஆனா முன்பிரேக்கைப் பிடிச்சு உலுக்கினா டக்டக்னு ஆட்டம். பழைய பேரிங் ஓரத்துல 45ன்னு தெளிவா எழுதியிருந்துச்சு, பார்க்காதது நான்.

இப்ப மேல் பேரிங்கும் லேசா கரகரங்குது. மாத்துறதுக்குப் புதுசு மேசை டிராயர்ல தயார். வெளிவிட்டம் 41 மி.மீ. இல்லை, 41.8ன்னு அளந்துட்டுத்தான் வாங்கினேன்.